ஞாயிறில்லா உலகமும் உயிர்வாழ்க்கையும்

சைவ நன்மக்கள் நாடோறும் இயற்றுங் கடன்களுள் சிவசூரிய வழிபாடும் ஒன்றாம். ஞாயிற்று மண்டிலத்தின் நடுவே சிவபெருமான் எழுந்தருளியிருப்பதாக எண்ணி, நீர் வார்த்து வழிபட்ட பின்னரே சிவபூசை தொடங்குதல் முறை. அட்டமூர்த்தங்களுள் ஞாயிறும் ஒன்றென்பது யாவரும் அறிந்தது. சித்தாந்த நூல்களுள் அருளுக்கு உவமை கூறவேண்டிய இடங்களிற் பெரும்பாலும் கதிரவனே உவமையாய் நிற்றலையும் கற்றோர் அறிவர். ஒரே கதிரவன் முன்னிலையில் ஒரு தாமரை மலர்தலும், ஒன்று அரும்பி நிற்றலும், ஒன்று வாடுதலும் ஆசிரியன்மார் பலகாலும் எடுத்துக்காட்டுவனவாம். இவ்வாறு ஞாயிற்றையும் அருளையும் ஒருங்கு வைத்தெண்ணிப் பழகிய உள்ளத்திற்கு, "ஞாயிறே இல்லாத உலகங்கள் உளவாம், அவற்றின்கண் உயிர் வாழுமா?" என்னும் வினா சிறிது கலக்கந் தருவதேயாம். அவ்வினா சிறுசேரியில் ஒரு முதியவரின் திண்ணையில் எழுந்தவாறும், அவர் அதற்கு முதலில் ஒரு விடை கூறிப் பின்னர் அதனை மாற்றிக்கொண்டவாறும் ஈண்டுக் கூறப்படும்.

சிறுசேரி என்பது சென்னையினின்று தெற்கு நோக்கிச் செல்லும் பழைய மாமல்லபுரஞ் சாலையில், நாவலூருக்குங் கேளம்பாக்கத்திற்கும் இடைப்பட்ட ஊர். தென்கிழக்கே முட்டுக்காட்டுக் கழியும், அதற்கப்பாற் கடலும் உள்ளன. ஏரியும் வயலுமாய்க் கிடந்த இவ்வூரிற் பின்னர்த் தகவல்தொழிற் பூங்கா எழுந்தது. சென்னைக் கணிதவியல் நிறுவனமும் 2005ஆம் ஆண்டு முதல் ஈண்டு இயங்கி வருகின்றது. அம்முதியவர் பள்ளியில் தமிழாசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். பிரதோட நாட்களிற் கோயில் வழிபாடு முடிந்தபின் தம் இல்லத் திண்ணையில் ஐந்தாறு பேருக்குச் சிவஞானபோதப் பொருளை எடுத்துரைப்பது அவர் வழக்கம். கண்ணின் உள்ளழுத்தத்தால் நரம்பு கெடும் நோயொன்று அவரைப் பற்றியது. எழுபத்துநான்காம் அகவையிற் பார்வை முற்றும் அற்றது. விண்மீன்களை அவர் அதற்கு முன்னரே இழந்திருந்தார். மாடமாளிகைகளின் மின்விளக்கொளி ஊர்மேற் பரவியபின், இளமையில் வயல்வரப்பில் நின்று கண்ட வானம் அவ்வூரில் எவர்க்குங் காண இயலாததாயிற்று. ஞாயிறு ஒன்றே எஞ்சியிருந்தது. அதுவும் மறைந்தபின், வைகறையில் நீர்ப்பாத்திரத்துடன் கிழக்கு நோக்கி நின்று, "உதித்துவிட்டதா?" என்று வீட்டாரைக் கேட்டறிந்தே வழிபாடியற்றுவாராயினர். காணாத ஒன்றைக் கண்டாற்போல வழிபடுதல் வெறுஞ் சடங்காய் முடியுமோ என்னும் ஐயம் அவர்க்குள் இருந்தது. அதனை அவர் எவர்க்கும் உரைத்திலர்.

ஒரு பிரதோட நாளில், கல்லூரியிற் பயிலும் அவர்தம் பெயர்த்தி, பாடம் முடிந்தபின், "தாத்தா, எந்த விண்மீனையுஞ் சாராமல் இருளில் தனியே அலையுங் கோள்கள் உண்டென்று படித்தேன். அங்கே உயிர் வாழுமா?" என்று வினவினள். முதியவர் சிறிதுந் தாழாது, "வாழாது அம்மா. ஞாயிறின்றிப் பயிரில்லை, பயிரின்றி உயிரில்லை. அருளின்றி ஆன்மா இல்லாதது போலத்தான் அதுவும்" என்றனர். கேட்டிருந்தோர் தலையசைத்தனர். அப்பெண் மட்டும், "தாத்தா, இதைக் காட்சியால் சொல்லுகிறீர்களா, கருதலால் சொல்லுகிறீர்களா, உரையால் சொல்லுகிறீர்களா?" என்று மீட்டும் வினவினள். அளவை மூன்றும் அவளுக்கு அவரே கற்பித்தவை. முதியவர் நெடுநேரம் வாளாவிருந்தார். பின்னர், "அடுத்த பிரதோடம் வரையில், இதைப்பற்றி அறிஞர்கள் கண்டவற்றை எனக்குப் படித்துக் காட்டு. அதன்பின் விடை சொல்லுகிறேன்" என்றனர்.

அப்பதினைந்து நாளும் அவள் படித்துக்காட்டியவற்றின் சுருக்கம் வருமாறு.

பிறிதொன்றன் ஒளியைக் கொள்வதனாற் கோள் எனப் பெயர் பெற்றது என்பாருளர். அங்ஙனமாயின், தனித்தலையுங் கோள் என்பது கொள்ளுதற்கு ஒளியில்லாத கோளாம். கோள்கள் ஒரு விண்மீனைச் சுற்றி உருவாகுங் காலத்துப் பெருங்கோள்களின் ஈர்ப்பால் இழுக்கப்பட்டுச் சிறியன சில வெளியே எறியப்படும் என்றும், வேறு சில முகிற்கூட்டத்தினின்று தனியாகவே திரளும் என்றும் வானநூலார் கூறுவர். பிறந்து நெடுங்காலமாகாத பெரியவை தம் பிறப்பின் வெம்மையாற் சிறிது ஒளிர்வன. 2013இல் அவாயித் தீவிலுள்ள தொலைநோக்கியாற் கண்டறியப்பட்ட ஒன்று, வியாழனைப்போல் ஆறு மடங்குக்கு மேற்பட்ட பொருண்மையுடையதாய்ச் சற்றேறக்குறைய 80 ஒளியாண்டுத் தொலைவில் உளது. பூமியை ஒத்த சிறியனவோ ஒளியில்லாதன. அவற்றைக் கண்ணாலாதல் கருவியாலாதல் நேரே காண்டல் அரிது.

அரிதாயின் அவை உளவென்று அறிந்தது எங்ஙனம் எனின், சூரியகாந்தக் கல்லும் பஞ்சும் என்னும் உவமையை அறிந்த சைவர்க்கு அது விளங்குதல் எளிது. கதிரொளியைக் கல் குவித்தலாற் பஞ்சு எரிகின்றது. அதுபோலத் தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கும் காண்போர்க்கும் இடையே இருட்கோள் ஒன்று கடந்து செல்லுங்கால், அதன் ஈர்ப்பு அவ்விண்மீனொளியை வளைத்துக் குவிக்கின்றது. விண்மீன் சிறிது போது மிகுந்து ஒளிர்ந்து, பின்னர்ப் பழைய நிலைக்கு மீள்கின்றது. பெருங்கோளாயின் அவ்வொளிர்வு ஓரிரு நாள் நிற்கும். சிறுகோளாயிற் சில மணி நேரமே நிற்கும். சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கியாற் போலந்து நாட்டார் 2016இற் கண்டு 2020இல் வெளியிட்ட நிகழ்ச்சி 42 நிமிடத்திற்கும் உட்பட்ட கால அளவினது. அதனை நிகழ்வித்த கோள் செவ்வாய்க்கும் பூமிக்கும் இடைப்பட்ட பொருண்மையது என மதிக்கப்பட்டது. அதனருகே விண்மீன் இருந்ததற்கு அறிகுறியில்லை. மிகத் தொலைவில் ஒன்று இருத்தல் கூடும் என்னும் ஐயம் மட்டும் முற்றும் நீங்கியதன்று.

இவற்றின் தொகை யாது என்பதிலும் அறிஞர் கருத்து மாறி வந்துளது. நியூசிலாந்திலிருந்து ஆராய்ந்த குழுவினர் 2011இல், வியாழனையொத்த தனிக்கோள்கள் விண்மீன்களைப்போல் ஏறக்குறைய இருமடங்கு என்றனர். 2017இற் போலந்து நாட்டார் மிகுதியாய் ஆராய்ந்து, அத்தகையன நான்கு விண்மீனுக்கு ஒன்றினும் மிகா என்று காட்டினர். 2023இல் முற்கூறிய குழுவினரே ஒன்பதாண்டுக் காட்சிகளைத் தொகுத்து, பெரியன அரியனவே, ஆயினும் பூமியையொத்த சிறியனவற்றையுஞ் சேர்த்தெண்ணின் விண்மீன் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 தனிக்கோள்கள் உளவாகலாம் என்று மதித்தனர். முன்னர்க் கூறியதைப் பின்னர்த் தாமே திருத்திக் கொண்ட இச்செயலைக் கேட்டபோது முதியவர், "அதை மீண்டும் ஒருமுறை படி" என்றனராம்.

கருதலளவை பிழைக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்றுண்டு. கிழக்கிந்தியக் கும்பினியார் 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று கட்டினர். அதன் தலைவராயிருந்த ஜேக்கப் என்பார் 1855இல், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன் ஒன்றன் செலவிற் காணப்பட்ட சிறு பிறழ்ச்சியை ஏதுவாகக் கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத கோள் ஒன்று ஆண்டு உளதாதல் கூடும் என்றனர். ஞாயிற்றுக் குடும்பத்திற்கு வெளியே கோள் உண்டென அளவை காட்டிக் கூறியவருள் மிக முற்பட்டவர் அவர். ஆயின் பின்வந்தோரின் அளவைகள் அதனை ஏற்கவில்லை. புகையென்று கொண்டது பனிமூட்டமாயின் ஆண்டு நெருப்பில்லை. தருக்க நூலார் ஏதுப்போலி என்பது இதனையே.

இனி, உயிர் வாழ்தற்கு வேண்டுவன யாவை எனப் பார்க்குமிடத்து, வெம்மையும் நீரும் உணவும் எனச் சுருங்கக் கூறலாம். பூமி தன் காற்றுமண்டிலத்தோடு கூட ஞாயிற்றினின்று உட்கொள்ளும் வெம்மை சதுர மீட்டர் ஒன்றுக்குச் சராசரி 240 வாட்டு அளவினது. பூமியின் உள்ளிருந்து வெளிப்படுவதோ 0.09 வாட்டு அளவிற்றே. ஞாயிறு நீங்கின் நிலத்தின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழ் 230 பாகையினும் மிக்க குளிரெய்தும்; காற்றும் உறைந்து வீழும். ஆகலின், "ஞாயிறின்றி வாழாது" என்ற முதியவர் கூற்று, பூமியின் மேற்பரப்பை நோக்கும்வழி உண்மையே.

ஆயினும், உள்வெம்மை சிறிதாயினும் நெடிது நிற்பது. பூமி திரண்ட காலத்து வெம்மையின் எச்சமும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் என்பவை சிதைதலால் எழும் வெம்மையுமே அஃது. தோரியம் பாதியாகக் குறைதற்கு 1,400 கோடி ஆண்டு செல்லும். மாமல்லபுரத்திற்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கிய காமினி என்னுஞ் சிற்றுலை, தோரியத்தினின்று ஆக்கிய யுரேனியத்தையே எரிபொருளாகக் கொண்டது. பல்லவர் கோயில் குடைந்த கற்பாறையிலும் இப்பொருள்கள் மிகச் சிற்றளவில் உள்ளன. தொட்டாற் குளிர்ந்திருக்குங் கல்லினுள்ளும் அவ்வெம்மை ஒழியாது பிறந்து கொண்டேயிருக்கின்றது.

இவ்வுள்வெம்மை நீரை உருகிய நிலையில் வைத்தற்குப் போதுமா என்பதை இரு கணக்குகள் ஆராய்ந்தன. தீவன்சன் என்னும் அறிஞர் 1999இல், நீரகவளி மிகத் தடித்துப் போர்த்த தனிக்கோளாயின், அப்போர்வை உள்வெம்மையை வெளிவிடாது காத்தலான், மேற்பரப்பிலேயே நீர் உறையாது நிற்றல் கூடும் என்றனர். சிக்காகோவைச் சார்ந்த அபட்டு, சுவிட்சர் என்னும் இருவர் 2011இல், பூமியின் கூறுகளை உடையதும் பூமியினும் மூன்றரை மடங்கு பொருண்மை மிக்கதுமாகிய தனிக்கோளில், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தடித்த பனிக்கட்டியின் கீழே கடல் உருகி நிற்கும் எனக் கணித்தனர். இவை கணக்குகளே, கண்டவை அல்ல.

இனி உணவு. ஞாயிற்றொளி புகாத இடத்தும் உயிர் உண்டு என்பது 1977இல் அறியப்பட்டது. கலாபகசுத் தீவுகளை அடுத்த கடலில் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், நிலப்பிளவினின்று வெந்நீர் பொங்கும் ஊற்றுகளைச் சூழ்ந்து சிப்பிகளும் நெடும்புழுக்களும் கூட்டங்கூட்டமாய் வாழக் கண்டனர். அப்புழுக்களுக்கு வாயுமில்லை, குடலுமில்லை. அவற்றினுள் வாழும் நுண்ணுயிர்கள் ஊற்றினின்று வருங் கந்தகக் கூட்டுப்பொருளை எரித்து அவற்றிற்கு உணவாக்கித் தருகின்றன. இத்தகைய ஊற்று இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. சிறுசேரிக்கு வடக்கே பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்பக் கழகத்தாரும் கோவாவிலுள்ள துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி நடுவத்தாரும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவியை இறக்கி, 4,500 மீட்டர் ஆழத்தில் அத்தகைய ஊற்றொன்றைப் படம் பிடித்ததை 2024 திசம்பரில் அறிவித்தனர்.

ஈண்டு ஒரு தடை எழும். அப்புழுக்களுக்கு வேண்டும் உயிர்வளி, மேற்கடலில் ஞாயிற்றொளியால் வாழும் பாசியினின்று வருவதாகலின், அவை ஞாயிற்றை முற்றும் நீங்கியவை அல்லவே எனின், அத்தடை பொருந்துவதே. ஆதலின் இன்னும் ஆழ்ந்த ஓரிடம் காட்டப்படும். தென்னாப்பிரிக்க நாட்டுப் பொற்சுரங்கம் ஒன்றில், 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை வெடிப்பின் நீரில் ஒருவகை நுண்ணுயிர் காணப்பட்டது. அதன் மரபுக்கூறுகளை 2008இல் ஆராய்ந்து வெளியிட்டனர். பாறையிலுள்ள யுரேனியம் முதலியவற்றின் கதிர் நீரைச் சிதைத்தலால் உண்டாகும் நீரகவளியும், கந்தகஞ் சார்ந்த உப்புமே அதற்கு உணவு. உயிர்வளி அதற்கு வேண்டுவதன்று. அந்நீரில் வாழ்வதும் பெரும்பாலும் அவ்வோரினமே. அதற்குத் "துணிந்த வழிப்போக்கன்" எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டனர்.

ஆகவே "எங்கெங்கு உயிர் உண்டோ அங்கங்கு ஞாயிற்றொளி உண்டு" என்று முதியவர் கொண்ட வியாப்தி, இப்பூமியிலேயே பிறழ்ந்தது. ஒரு வியாப்தி பிறழ்ந்தமையால் மறுதலை நிலைபெற்று விடுமா எனின், பெறாது. உயிர் ஓரிடத்து நிலைபெறுதல் வேறு. ஆண்டுத் தோன்றுதல் வேறு. சுரங்க நுண்ணுயிரின் முன்னோர் எவ்விடத்துத் தோன்றினர் என்பது அதனாற் பெறப்படாது. உயிர் தோன்றியதாக அறியப்பட்ட உலகம் இஃதொன்றே. ஓர் அடுப்பை மட்டுங் கண்டவன் புகைக்கும் நெருப்பிற்கும் உள்ள தொடர்பை எங்ஙனம் துணிவான்? எனவே தனித்தலையுங் கோள்களில் உயிர் வாழ்தல் கூடும் என்பதே அளவையாற் பெறப்படுவது, வாழ்கின்றது என்பதன்று, வாழாது என்பதுமன்று.

சித்தாந்தம் இதற்கு விடை கூறாதோ எனச் சிலர் வினவக்கூடும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்களின் பொருட்டு இறைவனாற் கூட்டப்பட்டன. புவனம் உயிர்க்கென்றே உளதாயின், ஒவ்வோருலகிலும் உயிர் இருந்தே தீரும் அன்றோ என்பர். திண்ணையிலும் ஒருவர் இதனையே எடுத்து மொழிந்தார். முதியவர் அதனை ஏற்றிலர். புவனந்தோறும் அதற்கேற்ற உடம்பு உண்டென நூல் கூறுமன்றி, நீராலும் கரியாலும் ஆய உடம்பு எல்லா உருண்டையிலும் உண்டெனக் கூறவில்லை. திருவாசகத்துத் திருவண்டப்பகுதி அண்டங்கள் எண்ணிலவாய் விரிந்தமை கூறி இறைவன் பெருமையைப் புலப்படுத்துமேயன்றி, அவ்வவற்றின் தட்பவெப்பத்தை ஆராய்வதன்று. தொலைநோக்கி சொல்லவேண்டியதை ஆகமத்தைச் சொல்லுமாறு வற்புறுத்தல் ஆகமத்திற்குப் பெருமையாகாது; நாளை அக்கோளில் உயிரில்லையென முடியின், பழி நூலின்மேல் ஏறும். அவ்வாறே, ஆண்டு உயிர் உண்டென முடியினும் சித்தாந்தத்திற்குப் புதிதாய் ஓர் இலாபமில்லை.

அடுத்த பிரதோடம் வந்தது. முதியவர் பாடந் தொடங்குமுன்னர், "சென்ற முறை நான் சொன்ன விடை தவறு. கருதலளவையில் ஆராயாமற் கூறினேன். அதைவிடப் பெரிய தவறு, உவமையை ஏதுவாகக் கொண்டது" என்றனர். மாணாக்கர் முன்னிலையில், அதுவுந் தம் பெயர்த்தி வினவியதன் பொருட்டு, ஆசிரியர் ஒருவர் இங்ஙனங் கூறுதல் எளிதன்று. பின்னர் அவர் விளக்கியது இது: உவமை ஒருபுடை ஒப்புமையே. ஞாயிறு அருளுக்கு உவமை, அருள் ஞாயிறன்று. ஞாயிற்றை நீக்கினால் உவமை நீங்குமன்றிப் பொருள் நீங்காது. இதனைப் பல்லாண்டு பிறர்க்குக் கற்பித்தும், தம் கண்ணொளி நீங்கியபோது அருளும் ஒரு படி விலகியதாகத் தாம் உள்ளத்திற் கொண்டிருந்ததை அன்றே அவர் வெளிப்படக் கூறினர். திண்ணையிலிருந்தோர்க்கும் வீட்டார்க்கும் அது புதிய செய்தி.

இறைவன் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று. திரோதான சத்தி மலத்தோடு உடனின்று அதனைச் செலுத்தி முதிர்வித்தலால் மலமென்றே எண்ணப்படினும், உண்மையில் அருட்சத்தியே என்பது உமாபதி சிவம் முதலிய ஆசிரியர் துணிபு. ஒளியாய் வெளிப்படுதல் ஒன்றே அருளின் இயல்பாயின், கேவலத்தில் ஆணவவிருளுட் கிடக்கும் உயிருக்கு யாதொரு துணையும் இல்லையாய் முடியும். அங்ஙனமன்று, இருளினுள்ளும் இருளோடிருந்தே பக்குவஞ் செய்வதும் அவ்வருளே. ஞாயிறில்லாக் கோளின் உள்வெம்மையை இதற்கு உவமையாகக் கொள்ளலாமா என்று ஒருவர் வினவ, முதியவர் நகைத்து, "கொள்ளலாம். ஆனால் இதுவும் உவமையே. முன்பு ஞாயிற்றில் நான் செய்த பிழையை இப்போது தோரியத்தில் நீங்கள் செய்யாதீர்கள்" என்றனர்.

மறுநாள் வைகறையில் அவர் வழக்கம்போல் நீர்ப்பாத்திரத்துடன் கிழக்கு நோக்கி நின்றனர். பெயர்த்தி, "தாத்தா, இன்னும் உதிக்கவில்லை" என்றனள். "இருக்கட்டும் அம்மா" என்று நீர் வார்த்து வழிபாட்டைத் தொடங்கினர். அதன்பின் அவர் உதயத்தைக் குறித்து எவரையும் வினவுவதில்லை. வானந் தெளிந்த நாளில் வழிபாட்டின் இடையே இளவெயில் முகத்திற் படும். கார்த்திகை மாதத்து மழைமூட்டத்தில் அதுவும் இராது. அந்நாட்களிலும் வழிபாட்டில் ஒன்றுங் குறைவதில்லை. அக்கோள்களிற் புதிய செய்தி வெளிவருந்தோறும் பெயர்த்தி படித்துக்காட்ட, "கண்டது எவ்வளவு, கருதியது எவ்வளவு?" என்பதையே அவர் முதலிற் கேட்கின்றார்.

திருச்சிற்றம்பலம்.